காலிக் கோட்டையும் குப்புறக் கிடந்த கல்லும்

கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் காலிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு திரும்பியபோது, வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மா சொன்னார்: "வலப்பக்க ஜன்னலப் பிடியுங்கோ தம்பி. இடப்பக்கம் இருந்தா மதில்களைத்தான் பார்த்துக்கொண்டு போகலாம்." அவர் வெள்ளவத்தையில் இறங்க வேண்டியவர். எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் நின்றுகொண்டே வந்தார். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடல் வந்துவிட்டது. தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே ஒரு கல்லடுக்கு, அவ்வளவுதான். பெரிய அலை அடித்தால் முகத்தில் தூவானம் தெறிக்கிறது.

நான் போனது ஒரு கல்லுக்காக. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுதிய கல்வெட்டு ஒன்று காலியில் ஒரு வாய்க்காலின் மேல் மூடுகல்லாகக் குப்புறக் கிடந்து 1911இல் கிடைத்தது என்று கல்லூரி நாளில் படித்திருந்தேன். கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனாலும் அது கிடந்த ஊரையும், எந்தக் கோயிலுக்காகச் செதுக்கப்பட்டதோ அந்தக் கோயிலையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் கல்லைப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். என் ஊர் நாகப்பட்டினம். டச்சுக்காரர்கள் ஆண்ட ஊர், 2004இல் கடல் ஏறி வந்த ஊர். காலியும் அப்படியே. இந்த இரண்டு ஒற்றுமைகளும் என்னை நெடுநாளாக இழுத்துக்கொண்டிருந்தன.

காலி, கொழும்பிலிருந்து ஏறத்தாழ 116 கிலோமீட்டர். ரயிலுக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். பாணந்துறை தாண்டியதும் "வடே, வடே, இஸ்ஸோ வடே" என்று கூடையோடு ஒருவர் ஏறினார். இஸ்ஸோ என்றால் இறால். பருப்பு வடையின் மேல் தலையும் மீசையுமாக முழு இறாலைப் பதித்துப் பொரித்திருந்தார்கள். சுற்றிக் கொடுத்த தாள் ஏதோ ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டு. ஆசிரியர் சிவப்பு மையில் திருத்திய வகுத்தல் கணக்கின் மேல் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது.

வாத்துவைப் பக்கம் தென்னந்தோப்புகளில் மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருப்பதை ஜன்னல் வழியே பார்க்கலாம். மேலே ஒரு கயிறு கைக்கு, கீழே ஒரு கயிறு காலுக்கு. நம் ஊர் மரமேறி ஒவ்வொரு மரமாக ஏறி இறங்குவார். இங்கே காலையில் ஒரு மரத்தில் ஏறுகிறவர் கயிற்றிலேயே நடந்து மரம் மரமாகப் பாளை சீவிக் கள் எடுத்துவிட்டுத்தான் தரைக்கு வருகிறார். ரயில் போகும் வேகத்தில் அப்படி ஒருவரை இரண்டு விநாடி பார்த்தேன். இடுப்பில் முட்டியும் பாளைக் கத்தியும் ஆட, தரையிலிருந்து நாற்பது அடி உயரத்தில் தெருவில் நடப்பது போல நடந்துகொண்டிருந்தார்.

களுத்துறையில் ஆற்றோரத்து வெள்ளைத் தாதுகோபம், பேருவளையில் முனையில் நிற்கும் கெச்சிமலைப் பள்ளிவாசல், பெந்தோட்டையில் ஆறு கடலில் சேரும் இடம் என ஒவ்வொன்றாகக் கடந்து போயின. பெந்தோட்டை முழுக்க ஓட்டல்கள்தான். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கி, சாகும்வரை திருத்தித் திருத்தி உருவாக்கிய லுனுகங்கை அருகில்தான் இருக்கிறது. நேரமிருப்பவர்கள் அதற்கு அரை நாள் கொடுக்கலாம். அடுத்த ஊரான கொஸ்கொடையில் ஆமைக் குஞ்சு பொரிப்பகங்கள் வரிசையாக உண்டு. அவற்றில் பிறந்த குஞ்சுகளைத் தொட்டியில் நாள்கணக்கில் வைத்துப் பயணிகளின் கையில் கொடுத்துப் படம் எடுக்க விடுகிறார்கள். முட்டையிலிருந்து வந்த வேகத்திலேயே கடலுக்குள் நீந்திப் போகத்தான் அதன் உடம்பில் வலு சேர்ந்திருக்கிறது. தொட்டியில் சுற்றி அந்த வலுவைக் கரைத்த குஞ்சு ஆழ்கடல் போய்ச் சேருவது கடினம். பார்க்கப் போகிறவர்கள் குஞ்சைக் கையில் வாங்காமல் இருந்தாலே பெரிய உதவி.

ஹிக்கடுவையில் இறங்கி ஒரு இரவு தங்கினேன். அலைச்சறுக்குப் பலகையும் ஈரத் தலையுமாக வெள்ளைக்கார இளைஞர்கள் நடமாடும் ஊர். கடலோரம் முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே முருகைக்கல் திட்டு தொடங்குகிறது. பவளப்பாறைக்கு இலங்கைத் தமிழில் முருகைக்கல் என்று பெயர். கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் கூட்டிப் போனார்கள். 1998இல் கடல் சூடேறியபோது வெளுத்துச் செத்த திட்டுகள் சாம்பல் நிறத்தில் உடைந்து கிடக்க, நடுநடுவே உயிருள்ளவை ஊதாவும் பச்சையுமாகத் துளிர்த்திருந்தன. படகுக்காரர் ரொட்டித் துண்டை வீச மீன்கள் மொய்த்தன. வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஹிக்கடுவைக்கு வடக்கே சில கிலோமீட்டரில் பெரலிய என்ற ஊர். மறுநாள் காலை ஓட்டோ பிடித்துப் போனேன். 2004 டிசம்பர் 26, ஞாயிறு, பௌர்ணமி. கொழும்பிலிருந்து புறப்பட்ட 'சமுத்திர தேவி' ரயில் முதல் அலையில் இங்கே நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்த இடைவெளியில், ரயில் பெட்டி உயரமானது, இரும்பாலானது, இதுதான் பாதுகாப்பு என்று ஊர்க்காரர்களும் பிள்ளைகளைத் தூக்கிப் பெட்டிக்குள் ஏற்றினார்கள். அடுத்த அலை பெட்டிகளைச் சுழற்றி எறிந்தது. 1,000க்கும் மிகுதியானவர்கள் அந்த ஓர் இடத்தில் இறந்தார்கள். உலகில் நடந்த ரயில் விபத்துகளில் இதுபோல் உயிரைக் குடித்தது வேறில்லை என்கிறார்கள். அதே காலையில் எங்கள் நாகை மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். நினைவுச் சின்னத்தின் முன் நின்றபோது எனக்கு அக்கரைப்பேட்டை மணலில் தேடி அலைந்த முகங்கள்தான் வந்தன. எதிரே பாமியான் புத்தரின் சாயலில் எழுப்பிய பெரிய புத்தர் நீருக்கு நடுவே நிற்கிறார். ஓட்டோக்காரர் எதுவும் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு நின்றார்.

ஹிக்கடுவையையும் பெரலியவையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் ஒரு விஷயம் உறைக்கும். ஒரே கடற்கரை, ஒரே காலை. ஆழிப்பேரலைக்குப் பின் வந்து அளந்த ஆய்வாளர்கள் எழுதியது இது: முருகைக்கல் திட்டு காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் வந்து சுமார் 50 மீட்டர்தான் உள்ளே ஏறியது. முருகைக்கல்லை வெட்டி எடுத்துவிட்டிருந்த பெரலியவில் சுமார் 10 மீட்டர் உயரத்தில் எழுந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே போனது. வெட்டிய கல் எங்கே போயிற்று? சுண்ணாம்புக் காளவாய்க்கு. வீட்டுச் சுவருக்கும் பூச்சுக்கும் வெள்ளையடிக்கவும் இந்தக் கரையோரம் தலைமுறை தலைமுறையாக முருகைக்கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். கல்லை உடைத்து விற்றவர்கள் கெட்டவர்கள் அல்லர். கூலிக்குக் கழுத்தளவு தண்ணீரில் நின்று கடப்பாரை போட்ட ஏழைகள். ஆனால் கடலுக்கும் ஊருக்கும் நடுவே இயற்கை கட்டி வைத்திருந்த மதில் அந்தக் கல்தான் என்பது அன்று காலைதான் தெரிந்தது. நம் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியும் இப்படித்தான் பவளப்பாறையை வெட்டினோம். பெரலியவில் நிற்கும்போது அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

காலியில் ரயிலை விட்டு இறங்கினால் பேருந்து நிலையம், அதை அடுத்துக் கிரிக்கெட் மைதானம், மைதானத்துக்கு மேலே கறுத்துச் சாய்ந்த கோட்டை மதில். போர்த்துக்கீசர் 1505இல் இந்தத் தீவுக்கு வந்தவர்கள். இங்கே சின்னதாக ஒரு கோட்டை கட்டினார்கள். 1640இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்துக் கருங்கல்லும் முருகைக்கல்லுமாக இந்தப் பெருமதிலை எழுப்பினார்கள். 1796இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. போர்த்துக்கீசரையும் டச்சுக்காரரையும் இழுத்து வந்தது ஒரே சரக்கு, கறுவாப்பட்டை. டச்சுக் கம்பெனி ஆட்சியில் களவாகக் கறுவா உரித்தாலோ விற்றாலோ மரண தண்டனை. நாம் பிரியாணியில் இரண்டு துண்டு போட்டுவிட்டு ஓரமாக எடுத்து வைக்கிற பட்டைக்கு இப்படியும் ஒரு காலம் இருந்தது.

2004இல் பேருந்து நிலையத்தில் பேருந்துகள் மிதந்தன. மைதானம் ஏரியானது. மதிலுக்குள் இருந்த கோட்டைத் தெருக்கள் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டன. பீரங்கிக் குண்டைத் தாங்கக் கட்டிய சுவர் மூன்று நூற்றாண்டு கழித்துக் கடலைத் தாங்கியது. கடலிலிருந்து பெயர்த்த முருகைக்கல்லும் அந்தச் சுவருக்குள் இருக்கிறது. பெரலியவில் நின்றுவிட்டு வந்தவனுக்கு அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கும்போது மனம் கனத்துத்தான் போகும். உற்றுப் பார்த்தால் தேன்கூடு போலத் துளை துளையாக, விரல் நுனி போகும் அளவு குழிகளோடு, பழைய கடல்பிராணிகளின் வீடுகள் அப்படியே சுவரில் தெரிகின்றன.

பழைய வாயிலின் வெளிப்பக்கம் ஆங்கிலேய அரச முத்திரை. வளைவுக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தால் டச்சுக் கம்பெனியின் முத்திரை: இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், கீழே 1669 என்ற ஆண்டு ரோம எண்ணில். போர்த்துக்கீச மொழியில் சேவலுக்கு 'காலோ' என்று பெயர். ஊர்ப் பெயரைக் காதால் கேட்டவர்கள் சேவலைச் செதுக்கி வைத்துவிட்டார்கள். தமிழில் நமக்கு எப்போதும் காலிதான்.

கோட்டைக்குள் கார் வேகமாகப் போக முடியாது. அவ்வளவு குறுகிய தெருக்கள். லெய்ன் பான் தெரு என்றால் டச்சு மொழியில் கயிறு திரிக்கும் தெரு. பெட்லர் தெரு, டச்சுக்காரர் நாளில் 'மூர் வியாபாரிகள் தெரு'. பெருந்தேவாலயம் 1755இல் கட்டியது. உள்ளே தரையெல்லாம் கல்லறைப் பலகைகள். கடல் தாண்டி வந்து குழந்தையைப் பறிகொடுத்தவர்கள், இருபத்தைந்து வயதில் செத்தவர்கள், மண்டை ஓடும் மணற்கடிகையும் செதுக்கிய பலகைகளின் கீழ் கிடக்கிறார்கள். நாகையில் டச்சுக் கல்லறைகளில் பார்த்த அதே எழுத்து, அதே வளைவு. தெருக்களுக்கு அடியில் டச்சுக்காரர் போட்ட சாக்கடைகள் உண்டு. கடல் ஏற்றத்தில் தண்ணீர் புகுந்து, வற்றும்போது கழிவை இழுத்துக்கொண்டு போகும்படி அமைத்திருக்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அப்படிச் சிந்தித்திருக்கிறார்கள்!

கடல்சார் அருங்காட்சியகத்தில் 'ஆவொண்ட்ஸ்டர்' என்ற கப்பலின் மிச்சங்கள் இருக்கின்றன. 1659இல் இந்தத் துறைமுகத்தில் பாக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது நங்கூரம் நழுவி மூழ்கிய கப்பல். இந்தியாவுக்குப் போக வேண்டிய பாக்கு. நம் சோழமண்டலக் கரையின் வெற்றிலைப் பெட்டிகளுக்கு அந்நாளில் இலங்கைப் பாக்குத்தான் ஏராளமாக வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் துருவேறிக் கிடந்த இரும்புச் சாமான்களைப் பார்த்தபோது என் பாட்டியின் பாக்குவெட்டி நினைவுக்கு வந்தது.

இத்தனையும் எப்படி மாறாமல் நின்றது? துறைமுகம் கைவிடப்பட்டதால். காலித் துறைமுகத்தில் பாறைகள் அதிகம். 1875இல் தொடங்கிக் கொழும்பில் அலைதாங்கி கட்டி முடித்ததும் கப்பல்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. வியாபாரம் போன ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்டப் பணமில்லை. அந்த வறுமைதான் கோட்டையைக் காத்தது. 1988இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இப்போது பணம் திரும்பி வந்திருக்கிறது, வேறு கைகளில்.

அதைச் சொன்னவர் பெட்லர் தெருவில் மாணிக்கக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். வெயிலுக்கு அவர் கடைத் திண்ணையில் ஒதுங்கினேன். தொப்பி, வெள்ளைத் தாடி, கையில் கல் பார்க்கும் கண்ணாடி.

"எந்த ஊர் மகன்?"

"நாகப்பட்டினம்."

"நாகூரா?" எழுந்தே விட்டார்.

"பக்கத்துல நானா. அஞ்சு கிலோமீட்டர்."

நானா என்ற சொல் என் வாயில் தானாக வந்தது. நாகூரில் முஸ்லிம் நண்பர்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். காலியிலும் அதே சொல். பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கட உம்மும்மா நாகூர் ஆண்டவருக்கு நேர்ச்ச வச்சவ. நான் பொறந்ததே அந்த நேர்ச்சயிலதான் எண்டு சொல்லுவா" என்றார். உள்ளே பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பேத்தி இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் ஒரு தட்டில் சர்க்கரையும் கொண்டு வந்து வைத்தாள். வீட்டில் மூத்தவர்கள் தமிழ் பேசுகிறார்கள், பிள்ளைகள் சிங்களப் பள்ளியில் படிக்கிறார்கள்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து நீலக்கல் ஒன்றை வைத்தார். வாங்கச் சொல்லி அல்ல, பார்க்கச் சொல்லி. கண்ணாடியை என் கண்ணில் வைத்துக் கல்லை வெளிச்சத்துக்குத் திருப்பினார். உள்ளே பட்டு நூல் போல மெல்லிய கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு ஓடின. "இந்த நூல் இருந்தா அது மண்ணுக்குள்ள வெளைஞ்ச கல். கொறயெண்டு பாக்காதீங்க, அதுதான் அதுட சாட்சி" என்றார்.

நான் தேடி வந்த கல்லைப் பற்றிக் கேட்டேன். "மூணு பாஷைக் கல்லா? எங்கட ஊர்க் கல்தான். கொழும்பில இரிக்கி" என்றவர், கொஞ்ச நேரம் கழித்துத் தன் தெருவைக் காட்டினார். "இந்தத் தெருவுல நான் சின்னப் பிள்ளயில எல்லாம் எங்கட ஆக்கள்ட ஊடு. இப்ப எண்ணிப் பாருங்க. வெளிநாட்டுக்காரன் நல்ல வெல தாரான். பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கணும், விக்கத்தான் வேணும். ஊட்டுல ஆக்கள் இல்லாட்டி இது கோட்டையா மகன்? ராவைக்கு வெளக்கெரியிற ஓட்டல்." அவர் சொன்னது முழுக்க உண்மை. மாலையில் மீரான் பள்ளிவாசல் எதிரே உட்கார்ந்திருந்தேன். 1904இல் கட்டிய பள்ளி. இரட்டைக் கோபுரத்தோடு தூரத்தில் தேவாலயம் போலத் தெரியும். மஃரிபு பாங்கு கேட்டதும் சந்துகளிலிருந்து பிள்ளைகளும் பெரியவர்களும் வந்தார்கள். இந்த மனிதர்கள் இருக்கும்வரைதான் இது ஊர்.

மதில் மேல் சுற்றி நடக்க ஒரு மணி நேரம் போதும். நான் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். கலங்கரை விளக்கம், அதன் கீழே குளிக்கும் சிறுவர்கள், கொடிப்பாறை, பட்டம் விடுகிறவர்கள், குடைக்குள் ஒளிந்த காதலர்கள், பிறகு மணிக்கூண்டு. மைதானத்தைப் பார்த்த மதில் பகுதி வந்ததும் நின்றேன். ஆழிப்பேரலை அழித்த அந்த மைதானத்தில் 2007 டிசம்பரில் மறுபடி டெஸ்ட் நடந்தது. 2010 ஜூலை 22 அன்று முத்தையா முரளிதரன் தன் 800வது விக்கெட்டை எடுத்ததும் இங்கேதான். கடைசி டெஸ்ட், ஆட வந்தது இந்தியா, ஓஜா அடித்த பந்தை ஸ்லிப்பில் பிடித்தார் ஜயவர்தன. உள்நாட்டுப் போர் முடிந்து ஓராண்டு சற்றே தாண்டியிருந்த நேரம். ஒரு தமிழனுக்காகத் தென்னிலங்கையின் சிங்கள ஊர் எழுந்து நின்று பட்டாசு வெடித்ததை அன்று தொலைக்காட்சியில் பார்த்து எனக்கு என்ன நினைப்பதென்றே தெரியவில்லை. இப்போதும் அதை எளிதாகப் பேசிவிட முடியாது. ஆனால் அது நடந்தது. அதையும் சேர்த்துத்தான் காலியைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் கோட்டைக்கு வெளியே நகருக்குள் கிரிப்ஸ் வீதித் திருப்பத்துக்குப் போனேன். கல் கிடைத்த இடம் அந்தத் திருப்பம். ஓட்டோக்கள், பள்ளி விட்ட நேரத்துப் பிள்ளைகள், தேங்காய் விற்கும் வண்டி. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிழக்கே போகும் மாத்தறைப் பேருந்தில் ஏறினேன்.

உனவட்டுனவில் ஒருவேளைச் சாப்பாடு மட்டும். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது ஒரு துண்டு விழுந்த இடம் என்றும், சிங்களத்தில் 'அங்கே விழுந்தது' என்பதே ஊர்ப் பெயர் என்றும் சொல்வார்கள். ரூமஸ்ஸல குன்றில் இன்றும் மூலிகை பறிக்கிறார்கள். நான் பறித்தது வேறு மூலிகை: 'அம்புல் தியல்'. சூரை மீனைக் கட்டம் கட்டமாக வெட்டி, கொறுக்காய்ப்புளியும் மிளகும் அரைத்துப் பூசி, மண்சட்டியில் வாழையிலை விரித்து வற்ற வைப்பது. நாள் கணக்கில் கெடாது. கறுப்பாக, உறைப்பாக, புளிப்பாக இருக்கும். நாகையிலிருந்து வந்தவன் மீன்குழம்பை எளிதில் மெச்சமாட்டான். நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

கொக்கலையில் சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமானத் தளத்துக்காகக் கொக்கலை ஊரைக் காலி செய்தபோது அந்த வீடு மட்டும் தப்பியது. ஊர் கரைவதைப் பற்றி அவர் எழுதிய 'கம்பெரலிய' நாவல் 1944இல் வந்தது. தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது, படியுங்கள். பக்கத்து ஏரியின் தீவு ஒன்றில் கறுவா உரிக்கும் குடும்பத்தைப் பார்த்தேன். பெரியவர் குச்சியின் மேல்தோலைச் சுரண்டிவிட்டுப் பித்தளை உருளையால் அழுத்தித் தேய்த்தார். அப்போதுதான் பட்டை கட்டையை விட்டுக் கழலும். பிறகு வளைந்த சின்னக் கத்தியால் நீளவாக்கில் இரண்டு கீறல். கத்தியின் முதுகைக் கொடுத்து நெம்ப, ஈரமான பட்டை கடதாசிபோல் கழன்று வந்தது. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி நீளக் குழலாக்கி நிழலில் தொங்கவிடுகிறார்கள். ஒரு பட்டையை உரிக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. முகர்ந்து பார்க்கச் சொல்லிக் கையை நீட்டினார். சாம்ராஜ்யங்கள் அடித்துக்கொண்டது அந்த வாசனைக்குத்தான்.

அஹங்கமப் பக்கம் கடலில் நட்ட கம்புகளில் உட்கார்ந்து தூண்டில் போடும் மீனவர்களை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். இப்போது அவர்கள் பலரும் படமெடுப்பவர்களிடம் காசு வாங்கத்தான் கம்பில் ஏறுகிறார்கள். ஏமாற்று என்று சில பயணிகள் கோபப்படுகிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. கரையோர மீன் குறைந்துபோனால் மீனவன் என்ன செய்வான்? நான் காசு கொடுத்தேன், படம் எடுக்கவில்லை.

வெலிகம, மிரிஸ்ஸ, மாத்தறை தாண்டி இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனை. நான் தேடி வந்த கோயில் இங்கேதான். 49 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம். அதற்குத் தெற்கே அண்டார்டிகா வரை தண்ணீர்தான். சிங்களத்தில் தெவிநுவர, தெய்வ நகரம். தமிழர் மரபில் தொண்டேஸ்வரம். 1344இல் வந்த இபின் பதூதா, ஆளுயரப் பொன் சிலையும் ஆயிரம் அந்தணர்களும் ஐந்நூறு ஆடல் மகளிரும் இருந்த கோயில் என்று எழுதியிருக்கிறார். 1588இல் போர்த்துக்கீசர் கொள்ளையடித்து எரித்தார்கள். இப்போது நீல வண்ணம் பூசிய விஷ்ணு கோயில் நிற்கிறது. சிங்கள மக்கள் தாமரையும் பழத்தட்டும் ஏந்தி வரிசையில் நிற்கிறார்கள். பழைய கற்றூண்கள் புல்வெளியில் அங்கங்கே. நானும் ஒரு தட்டு வாங்கி வரிசையில் நின்றேன். நம் ஊரிலிருந்து கப்பலேறி வந்த வணிகர்களும் இதே இடத்தில் நின்றிருப்பார்கள். கபுராளை எனப்படும் பூசாரி நெற்றியில் சந்தனம் வைத்தார்.

கடைசி நாள், கொழும்பு, கறுவாத்தோட்டம், 1877இல் திறந்த தேசிய அருங்காட்சியகம். கல் நாலே முக்கால் அடி உயரம், இரண்டரை அடி அகலம் இருக்கும். உச்சியில் இரண்டு டிராகன்கள். சீனத்தில் 1409ஆம் ஆண்டில் பொறித்துக் கடற்படைத் தளபதி செங் ஹவின் கப்பலில் கொண்டுவந்த கல். வலப்பக்கம் சீனம், புத்தருக்குக் காணிக்கை. இடப்பக்கம் மேலே தமிழ், தேவேந்திரமுனையின் தெனவரை நாயனாருக்குக் காணிக்கை. கீழே பாரசீகம், அல்லாஹ்வின் பெயரால் காணிக்கை. பொன் 1,000, வெள்ளி 5,000, எண்ணெய் 2,500 'காட்டி' (சீன எடை அளவு), பட்டு எனப் பட்டியல் ஏறக்குறைய மூவருக்கும் ஒரே அளவு. நம் கடலில் வியாபாரம் செய்ய வந்த ஒரு பேரரசு, யாரோடு பேச எந்த மொழி வேண்டும் என்று விசாரித்து, தன் நாட்டிலேயே தமிழ் எழுத்தைச் செதுக்கிக் கொண்டுவந்திருக்கிறது.

குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். தமிழ்ப் பகுதி தேய்ந்திருக்கிறது. வரி வரியாக வாசிக்க என்னால் முடியவில்லை. ஒரு 'ன', ஒரு 'ர', ஒரு வளைந்த கொம்பு. கண் பழகியதும் இன்னும் இரண்டு எழுத்துகள். எவ்வளவு காலம் இந்த முகம் வாய்க்காலைப் பார்த்தபடி கிடந்தது! மேலே வண்டிகள் போயிருக்கும், கீழே ஊரின் தண்ணீர் ஓடியிருக்கும். குப்புறக் கிடந்ததால்தான் மழையும் சக்கரமும் படாமல் இந்த அளவாவது மிஞ்சியது என்றும் தோன்றியது.

கொழும்புக்குத் தமிழ்நாட்டிலிருந்து நாள்தோறும் விமானங்கள் போகின்றன. துணி வாங்கப் போகிறோம், கதிர்காமம் போகிறோம், கிரிக்கெட் பார்க்கப் போகிறோம். அடுத்த முறை போகும்போது அரை மணி நேரம் அந்தக் கல்லுக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போய், அறுநூறு ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் செதுக்கிய தமிழ் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு காலிக்கு ரயிலேறுங்கள். வலப்பக்க ஜன்னல்.